முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். பரஸ்பர விவாகரத்துக்குக் கணவர் சம்மதிக்கிறார். அவர் தரப்பில் பேச வந்தவர், 5 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லி, 'எனக்கும் பிள்ளைகளுக்கும் இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார். வீடு கணவர் பெயரில் இருக்கிறது. என் 22 பவுன் நகை அதில்தான் போனது. பாதி வீடு கிடைக்குமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. முத்திரைத்தாளும் நோட்டரி முத்திரையும் உங்கள் திருமணத்தை முறிக்காது. நீதிமன்றத் தீர்ப்புதான் முறிக்கும். இப்படிப் 'பேசி முடிப்பவர்கள்' இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனவன் நான். பிள்ளைகளின் ஜீவனாம்சம் அவர்களுடைய உரிமை. தாய் எழுதிக் கொடுத்தாலும் அது போய்விடாது.

விவாகரத்து ஆனால் வீட்டில் பாதி என்ற கணக்கு நம் சட்டத்தில் இல்லை. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசிக்குச் சமபங்கு கொடுத்தது உண்மைதான். அது அந்த வழக்கின் சாட்சியங்களைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. அதைக் காட்டி 'பாதி நிச்சயம்' என்று முன்பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நகை விஷயம் வேறு. சீதனம் முழுக்க உங்கள் சொத்து. ஆனால் நிரூபிக்க வேண்டும். ஒரு பெண் மஞ்சள் பையில் பழைய அடகுச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். 'அட்டிகை 1, 40 கிராம்' என்று அதில் இருந்தது. மறுநாள் தேதியில் மனை வாங்க முன்பணம் கொடுத்த ரசீது. அந்த இரண்டு தாள்களும்தான் அவர் வழக்கைத் தாங்கின. நகை விற்ற பில், கல்யாண ஆல்பம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் இன்றே தேடி எடுங்கள்.

நீங்கள் சம்பாதிப்பதாலேயே ஜீவனாம்சம் இல்லை என்றாகிவிடாது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பதோ வாய்தாவுக்கு மேல் வாய்தா. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அதுவரை காத்திருக்குமா? மனுத் தேதியிலிருந்தே ஜீவனாம்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. ஆகவே தள்ளிப்போடாமல் மனுப் போடுங்கள்.

சமரசம் என்றால் தொகை, நகை, பிள்ளைகளின் மாதச் செலவு மூன்றையும் நீதிமன்ற மனுவிலேயே எழுதுங்கள். இறுதிச் சம்மதம் சொல்லும் நாளில் உங்கள் பெயருக்கு வங்கி டி.டி. கைக்கு வரட்டும், இடையில் இருப்பவர் கணக்குக்குப் போக வேண்டாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் இலவசமாகச் சட்ட உதவி தரும், நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.