உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கியில் கலக்கும் பையன் என்.எச்.எல்-லிலும் கலக்குவானா?

கேள்வி இதுதான்: "உலக ஜூனியர் போட்டியில் நன்றாக ஆடும் ஒரு பையனை, அதை வைத்தே பெரிய வீரன் ஆவான் என்று சொல்லிவிடலாமா?"

அவன் ஆடுவதை உட்கார்ந்து பார்த்திருந்தால் ஓரளவு சொல்லலாம். பாயிண்ட் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் சொல்லக் கூடாது. கோல் கீப்பர் என்றால் இரண்டு வழியிலுமே அவசரப்படக் கூடாது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் அறிமுகம். என்.எச்.எல் என்பது வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக். உலக ஜூனியர் என்பது 20 வயதுக்கு உட்பட்டோருக்கான, நாடுகளுக்கு இடையிலான போட்டி. ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடியும். 10 நாடுகள் ஆடும். தங்கம் வெல்லும் அணிக்கே 7 ஆட்டங்கள்தான். அந்த 7 ஆட்டத்தை வைத்து ஒரு பையனின் அடுத்த 15 வருடத்தைக் கணிக்க ஆசைப்படுகிறோம். இந்த ஆசை எல்லா விளையாட்டிலும் உண்டு. 2012 அண்டர் 19 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சதம் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்த உன்முக்த் சந்த், இந்திய சீனியர் அணிக்கு ஒருமுறைகூட ஆடவில்லை.

நான் என்.எச்.எல் அணியான டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸின் ரசிகன். இந்த விஷயத்தில் எங்களுக்கு ஆறாத காயம் ஒன்று உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2006 உலக ஜூனியர் போட்டி வான்கூவரில் நடந்தது. அப்போது லீஃப்ஸ் கையில் இரண்டு இளம் கோல் கீப்பர்கள். ஒருவர் கனடாவின் ஜஸ்டின் போகி. இன்னொருவர் பின்லாந்தின் டூக்கா ராஸ்க். 2005 டிராஃப்டில் (என்.எச்.எல் அணிகள் இளம் வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் சுற்றிலேயே 21-ஆவதாக எடுக்கப்பட்டவர். போகி நின்ற ஆறு ஆட்டத்திலும் கனடாவுக்கு வெற்றி. அதில் மூன்றில் எதிரணிக்கு ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. அரை இறுதியில் ராஸ்கின் பின்லாந்தையே 4-0 என்று கனடா வென்றது. இறுதியில், பிற்பாடு என்.எச்.எல் நட்சத்திரமான மால்கின் இருந்த ரஷ்யாவை 5-0. சொந்த மண்ணில் தங்கம். டொரண்டோவில் எல்லாரும் 'எங்கள் வருங்கால கோல் கீப்பர் கிடைத்துவிட்டார்' என்றுதான் பேசினார்கள். அந்தப் பருவத்தில் ஜூனியர் லீக்கிலும் போகி பிரமாதமாகத்தான் ஆடியிருந்தார், அதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ஜூன் மாதமே லீஃப்ஸ் ராஸ்கை பாஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டு அங்கிருந்த கோல் கீப்பர் ஆண்ட்ரூ ரேகிராஃப்ட்டை வாங்கியது. போகி இருக்கிறாரே, ராஸ்க் எதற்கு என்ற கணக்கு. போகி என்.எச்.எல்-லில் ஆடியது மொத்தம் 7 ஆட்டங்கள். ராஸ்க் பாஸ்டன் அணியின் வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற கோல் கீப்பர் ஆனார், 308 வெற்றிகள். 2014-இல் சிறந்த கோல் கீப்பருக்கான வெசினா விருது. 2013 பிளேஆஃபில் (கோப்பைக்கான நாக் அவுட் சுற்று) ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதியில் டொரண்டோ 4-1 என்று முன்னிலையில் இருந்து தோற்ற அந்த ராத்திரியில், எதிர்ப் பக்கம் கோல் வாயிலில் நின்றவரும் இதே ராஸ்க்தான்.

இதில் பலரும் மறந்துவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. 2006 போட்டியில் சிறந்த கோல் கீப்பர் விருது போகிக்குப் போகவில்லை, ராஸ்குக்குத்தான் போனது. கால் இறுதியில் ஸ்வீடன் அடித்த 50-க்கும் மேற்பட்ட ஷாட்களையும் தடுத்து, ஓவர்டைமில் பின்லாந்தை 1-0 என்று ஜெயிக்க வைத்தவர் அவர். போகிக்கு முன்னால் நின்றது, எதிரணியிடம் பக்கையே (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) விட்டுவைக்காத ஒரு கனடா. ஆக, போட்டி உண்மையைக் காட்டத்தான் செய்தது. பார்த்தவர்கள் தங்கப் பதக்கத்தையும் பூஜ்யங்களையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கோல் கீப்பரை விடுங்கள், கோல் அடிப்பவர்களிடம் வருவோம். ஹாக்கியில் கோலுக்கும் ஒரு பாயிண்ட், அசிஸ்ட்டுக்கும் ஒரு பாயிண்ட். 2023 போட்டியில் கானர் பெடார்ட் 7 ஆட்டத்தில் 23 பாயிண்ட் எடுத்தார். கனடாக்காரர் ஒருவர் ஒரே போட்டியில் எடுத்த அதிகபட்சம் அது. ஆனால் அதைப் பிரித்துப் பாருங்கள். ஜெர்மனியை 11-2 என்று அடித்த ஆட்டத்தில் 7, ஆஸ்திரியாவை 11-0 என்று அடித்த ஆட்டத்தில் 6. பாதிக்கு மேல் இந்த இரண்டு ஆட்டத்திலேயே வந்துவிட்டது. 1993-இல் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் 31 பாயிண்ட் எடுத்து வைத்த சாதனை இன்னும் நிற்கிறது. அதிலும் 10, ஜப்பானை 20-1 என்று ஸ்வீடன் துவைத்த ஒரே ஆட்டத்தில் வந்தவை.

பெடார்டும் ஃபோர்ஸ்பெர்க்கும் போலிகள் என்று சொல்ல வரவில்லை. ஃபோர்ஸ்பெர்க் என்.எச்.எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை இரண்டு முறை வென்றவர். பிரச்சினை என்னவென்றால், பலவீனமான அணிக்கு எதிராக நல்ல வீரனும் குவிப்பான், சுமாரான வீரனும் குவிப்பான். அந்த ஆட்டங்களில் இருவரையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. பெடார்ட் யார் என்று எனக்குக் காட்டியது ஸ்லோவாக்கியாவுக்கு எதிரான கால் இறுதி. கனடா வீட்டுக்குப் போய்விடும் நிலை. ஸ்லோவாக்கியாவின் கோல் கீப்பர் ஆடம் கஜான் சுவர் மாதிரி நிற்கிறார். ஓவர்டைமில் பெடார்ட் பக்கை வாங்கி, எதிரே வந்தவர்களை ஒவ்வொருவராக வளைத்துத் தாண்டி, கடைசியில் கஜானையும் ஏமாற்றி உள்ளே தள்ளினார். எல்லாரும் களைத்துப்போன நேரம், தோற்றால் கதை முடிந்தது, அவருக்கு வயது 17. அந்த ஒரு கோல் ஜெர்மனிக்கு எதிரான ஏழு பாயிண்டைவிட எனக்குப் பெரிது. அந்தக் கோடையில் சிகாகோ அணி பெடார்டை முதல் ஆளாக எடுத்தது. இரண்டாவது சுற்றில் அதே கஜானையும் எடுத்துக்கொண்டது.

வயது என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இது பேருக்குத்தான் ஜூனியர் போட்டி, உண்மையில் 19 வயதுக்காரர்களின் போட்டி. டிராஃப்டுக்கு வரப்போகிற பையனுக்கு 17 வயதுதான் இருக்கும். எதிரே நிற்பவன் இன்னும் சில நாளில் 20-ஐத் தொடப்போகிறவன். அந்த வயதில் இரண்டு வருடம் என்றால் தோளும் காலும் வேறு உடம்பு. 2015 போட்டியில் கனடாவின் மூன்று பேர் ஆளுக்கு 11 பாயிண்ட் எடுத்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்: கானர் மெக்டேவிட், சாம் ரெய்ன்ஹார்ட், நிக் பேட்டன். மெக்டேவிட்டுக்கு 17 வயது. அதற்கு முந்தைய மாதம்தான் கை எலும்பு முறிந்திருந்தது. மற்ற இருவருக்கும் 19. பட்டியலில் மூவரும் சமம். பிறகு மெக்டேவிட் இந்தத் தலைமுறையின் தலைசிறந்த வீரரானார். ரெய்ன்ஹார்ட் மெல்ல மெல்ல வளர்ந்து, 2023-24 பருவத்தில் 57 கோல் அடித்து, ஃப்ளோரிடாவுடன் ஸ்டான்லி கோப்பையும் வென்றார். பேட்டனுக்கு என்.எச்.எல்-லில் நிலையான இடமே கிடைக்கவில்லை. பிறந்த தேதியைச் சேர்த்துப் படித்திருந்தால் மெக்டேவிட்டாவது அங்கேயே தனித்துத் தெரிந்திருப்பார்.

இதற்கு நேர் எதிரான சம்பவமும் உண்டு. 2013-இல் ரஷ்யாவின் உஃபா நகரில் நடந்த போட்டியில் நேதன் மெக்கின்னன் 6 ஆட்டத்தில் எடுத்தது ஒரே ஒரு அசிஸ்ட். கோல் இல்லை. அமெரிக்காவின் சேத் ஜோன்ஸ் தங்கத்தோடு திரும்பினார். டிராஃப்டில் முதல் இடம் ஜோன்ஸுக்குத்தான் என்று பேச்சு பலமாக ஓடியது. ஆனால் அந்த வருடம் என்.எச்.எல் கதவடைப்பில் இருந்ததால் ரயன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ் மாதிரி ஏற்கெனவே என்.எச்.எல் ஆடியவர்கள்கூட கனடா அணியில் இருந்தார்கள். 17 வயது மெக்கின்னனுக்குக் கிடைத்தது கடைசி லைனில் (சேர்ந்து களமிறங்கும் மூன்று முன்கள வீரர்களின் குழு) சொற்ப நிமிடங்கள். எதிரணி ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் பவர் ப்ளேயில் நிற்க விடாதவனிடம் பாயிண்ட் கேட்டால் எங்கிருந்து வரும்? அதே வருடம் மே மாதம் கனடாவின் ஜூனியர் லீக் அணிகளுக்கான மெமோரியல் கோப்பைப் போட்டியில் ஹாலிஃபாக்ஸ் அணிக்காக 4 ஆட்டத்தில் 13 பாயிண்ட் எடுத்தார். இறுதி ஆட்டத்தில் சேத் ஜோன்ஸ் இருந்த போர்ட்லேண்ட் அணிக்கு எதிராகவே மூன்று கோல். கொலராடோ அணி அவரைத்தான் முதலில் எடுத்தது. 2022-இல் ஸ்டான்லி கோப்பை, 2024-இல் என்.எச்.எல்-லின் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருது.

அடுத்தது, யாரோடு சேர்ந்து ஆடுகிறான் என்பது. 2016 ஹெல்சிங்கியில் பின்லாந்தின் முதல் லைனைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: நடுவில் செபாஸ்டியன் அஹோ, ஒரு பக்கம் பாட்ரிக் லைனே, மறு பக்கம் யெஸ்ஸே புல்யுயார்வி. புல்யுயார்வி 17 பாயிண்டோடு போட்டியிலேயே முதலிடம், சிறந்த வீரர் விருது, தங்கம். அப்போது அவருக்கு 17 வயதுதான், ஆகவே வயதுக் கணக்குப்படியும் அவர் தேறுகிறார். நல்ல உயரம், வேகம். அந்தக் கோடையில் எட்மன்டன் அவரை 4-ஆவதாக எடுத்தபோது பெரிய அதிர்ஷ்டம் என்றே பலர் நினைத்தார்கள். என்.எச்.எல்-லில் அது நடக்கவில்லை. பிற்பாடு இரண்டு இடுப்பிலும் அறுவை சிகிச்சை செய்யும் நிலைக்குப் போனார், அது அவர் தப்பு இல்லை. அந்த லைனை உண்மையில் ஓட்டியவர் நடுவில் நின்ற அஹோ என்பது என் கருத்து. அவரை முந்தைய வருடம் கரோலினா 35-ஆவதாக, இரண்டாவது சுற்றில்தான் எடுத்திருந்தது. பக்கைத் தானே போய் மீட்டு, தலையைத் தூக்கி, இரண்டு பக்கத்திலும் யார் வருகிறார்கள் என்று பார்த்து, சரியான நொடியில் விடுகிற வேலை அவருடையது. அந்த வேலை எந்த லீக்குக்குப் போனாலும் கூடவே வரும். காலியான இடத்தில் பக் வந்து சேருவது அப்படி வராது. கரோலினாவில் பல வருடமாக முதல் சென்டராக (லைனின் நடுவில் ஆடுபவராக) இருப்பவர் அஹோதான்.

அப்படியானால் போட்டிகளைப் பார்ப்பதே வீணா? இல்லவே இல்லை. நிகிதா குச்செரோவ் கதையைக் கேளுங்கள். 2011 ஏப்ரலில் ஜெர்மனியில் நடந்த 18 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் 7 ஆட்டத்தில் 11 கோல், 21 பாயிண்ட். அது அன்றைக்கு அந்தப் போட்டியின் சாதனை. ஆனால் சிறிய உடம்பு, போதாக்குறைக்கு ரஷ்யாவை விட்டு வருவாரோ மாட்டாரோ என்ற தயக்கம். 57 பேர் எடுக்கப்பட்ட பிறகு 58-ஆவதாக டாம்பா பே எடுத்தது. இரண்டு ஸ்டான்லி கோப்பையும் ஒரு ஹார்ட் விருதும் அவர் வீட்டில் இருக்கின்றன. இங்கே தவறியது போட்டி இல்லை. கண்ணெதிரே நடந்ததை நம்பாமல் உயரத்தையும் பாஸ்போர்ட்டையும் பார்த்த அணிகள்தான்.

18 வயதுப் போட்டிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் போட்டி நடக்கும்போது கனடாவின் ஜூனியர் லீக்குகளில் பிளேஆஃப் நடந்துகொண்டிருக்கும். தோற்று வெளியேறிய அணிகளின் பையன்கள்தான் கனடாவுக்கு ஆட வருவார்கள். அமெரிக்காவோ இரண்டு வருடமாகச் சேர்ந்து பயிற்சி செய்த தேசிய முகாம் அணியை அனுப்பும். ஆகஸ்டில் நடக்கும் ஹிலிங்கா கிரெட்ஸ்கி கோப்பையில் இது தலைகீழ்: கனடாவின் சிறந்தவர்கள் வருவார்கள், அமெரிக்க முகாம் அணி வராது. இது தெரியாமல் 'கனடாவை ஆறு கோல் அடித்தோம்' என்று சந்தோஷப்படுவதில் பயனில்லை. 2022-இல் ரஷ்யாவும் பெலாரஸும் இந்தப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. பழைய வருடங்களின் எண்களோடு இப்போதைய எண்களை ஒப்பிடும்போது அதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

சரி, நான் எதைப் பார்ப்பேன்? முதலில் எதிரணி: ஸ்வீடன், பின்லாந்து, அமெரிக்கா, செக், கனடா ஆகியவை ஒன்றோடொன்று மோதும் ஆட்டங்களை மட்டும் கவனமாகப் பார்ப்பேன். மற்றவற்றைப் பின்னணியில் ஓட விடுவேன். அப்புறம், பக் கையில் இல்லாதபோது பையன் என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். பக்கை இழந்தவுடன் தலையைத் தொங்கப் போடுகிறானா, உடனே திரும்பி ஓடி வருகிறானா? ஓரச் சுவரில் பெரிய ஆள் ஒருவன் இடிக்க வருகிறான் என்று தெரிந்தும் பக்கை நோக்கிப் போகிறானா? பாஸ் வந்து சேரும் முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று தோள் மேலாக ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறானா? இந்தக் கடைசி விஷயத்தை டிவியிலேயே தெளிவாகப் பார்க்கலாம். கழுத்து ஒரு நொடி திரும்பும், அவ்வளவுதான். என்.எச்.எல்-லில் யோசிக்க நேரமே கிடைக்காது. பழைய ஐரோப்பிய ரிங்குகள் சுமார் 30 மீட்டர் அகலம், என்.எச்.எல் ரிங்க் 26 மீட்டர்தான். முன்கூட்டிப் பார்த்து வைக்காதவன் அங்கே பக்கோடு சுவரில்தான் நசுங்குவான்.

இவ்வளவும் பார்த்த பிறகு, போட்டி முடிந்ததும் அவனுடைய லீக் ஆட்டங்களுக்குப் போவேன். ஜூனியர் லீக்கில் ஒரு பருவத்துக்கு 60-க்கு மேல் ஆட்டங்கள். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, பாதி காலியான அரங்கத்தில், மூன்று நாளில் மூன்றாவது ஆட்டம் ஆடும்போது அவன் அதே மாதிரி திரும்பி ஓடி வருகிறானா என்று பாருங்கள். உங்கள் அணி அவனை எடுத்திருந்தால் அதற்கப்புறம் சந்தோஷப்படுங்கள். கோல் கீப்பராக இருந்தால் இன்னும் நாலு வருடம் பொறுங்கள். அதுவரை கையில் இருக்கும் இன்னொருவரை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.