1,200 ரூபாய் எல்.இ.டி.யா, 9,000 ரூபாய் எல்.இ.டி.யா?

கேள்வி: வணக்கம் சார். என்னுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட். வியாபார விஷயமாக மணப்பாறையிலிருந்து திண்டுக்கல்லுக்கு அடிக்கடி இரவில் போய் வருகிறேன். ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. ஆக்சஸரீஸ் கடையில் 1,200 ரூபாய்க்கு ஒரு ஜோடி எல்.இ.டி. பல்பும், 9,000 ரூபாய்க்கு 'பிரீமியம்' ஜோடியும் காட்டுகிறார்கள். மலிவானதிலேயே 20,000 லூமன் என்று போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு 9,000?
- வாசகர், மணப்பாறை

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

முதலில் அந்த 20,000 லூமன். லூமன் என்பது பல்ப் தரும் வெளிச்சத்தின் அளவு. உங்கள் காரில் இருக்கும் எச்4 ஹாலஜன் பல்ப் பிரைட்டில் சுமார் 1,650 லூமன், டிம்மில் சுமார் 1,000 லூமன் தரும். விரல் நீள பல்ப் ஒன்று அதைவிடப் பத்து, இருபது மடங்கு கொடுத்தால் அந்தச் சூட்டில் அதுவே வெந்துவிடும். அட்டையில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்?

9,000 ரூபாய் பல்ப் நிஜமாகவே நல்ல சரக்காக இருக்கலாம். சிப், ஃபேன் எல்லாம் தரமாக இருக்கும், மலிவான பல்புகளால் எஃப்.எம். ரேடியோவில் வரும் கரகரப்பு இதில் வராது. ஆனால் கோளாறு பல்பின் தரத்தில் இல்லை. பழைய எச்4 பல்பைக் கழற்றி உற்றுப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். டிம் இழைக்கு அடியில் மட்டும் ஒரு குட்டித் தகரக் கிண்ணம். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் தடுப்பது அதுதான். அதனால்தான் டிம்மில் ஒளி மேலே ஏறி எதிரே வருபவர் கண்ணில் விழுவதில்லை. அந்த இழை இருக்கும் இடத்தை வைத்தே ரிஃப்ளெக்டரின் வளைவைச் செய்திருக்கிறார்கள். எல்.இ.டி.யில் சிப்புகள் ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். தகட்டின் தடிமன் கூடினாலே வெளிச்சம் பிறக்கும் இடம் தள்ளிப்போகிறது, மிச்சமெல்லாம் சிதறல். பம்பருக்கு முன்னால் பத்தடிக்குப் பளிச்சென்று இருக்கும். தூரத்தில் சாலையோரம் நடப்பவர் தெரியமாட்டார். ஜெர்மனியில்கூட, 2020-இல் ஓஸ்ராமின் எல்.இ.டி. மாற்று பல்புக்கு அனுமதி கொடுத்தபோது, சோதித்துப் பார்த்த கார் மாடல்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்? பத்து வயது காரில் பெரும்பாலும் பல்புக்குப் போய்ச் சேரும் மின்சாரமே குறைந்திருக்கும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட்டைப் போட்டு பேட்டரியிலும் பல்ப் ஹோல்டரிலும் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். ஹாலஜனில் 1 வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். வித்தியாசம் அந்த அளவு இருந்தால் ரிலே (பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராக மின்சாரம் போகவிடும் சுவிட்ச்) வைத்த வயரிங் கிட் ஒன்று போடுங்கள். கம்பெனி வயரை வெட்டாமல் சொருகும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே பெயர் தெரிந்த கம்பெனியின் 60/55 வாட் ஹாலஜன் புதிது ஒரு ஜோடி. 'கூடுதல் வெளிச்சம்' வகையும் வாங்கலாம், ஆனால் ஆயுள் குறைவு. நீலப் பூச்சு பூசியதை வாங்காதீர்கள், அந்தப் பூச்சே வெளிச்சத்தைத் தின்றுவிடும். 100/90 வாட் பல்பைக் கடைக்காரர் நீட்டுவார். பழைய வயரிங்கில் 5 ஆம்பியர் போன இடத்தில் 8-க்கு மேல் போகும், ஹோல்டர் உருகும். அதுவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்து போதவில்லை என்றால்தான் பெரிய செலவு: பல்ப் மட்டும் அல்ல, லென்ஸோடு வரும் புரொஜெக்டர். காசு கொடுக்கும் முன் வண்டியை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்துக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு தெரிய வேண்டும். வலப்பக்கம் அது படுக்கையாக இருந்து, இடப்பக்கம் மேலே ஏற வேண்டும். வலப்பக்கம் ஏறினால் அது சாலையின் வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த சரக்கு. எதிரே வரும் லாரிக்காரர் உங்களைத் திட்டிக்கொண்டே போவார். சுவர் 10 மீட்டர் தள்ளி இருந்தால், கோடு விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே இருப்பது சரி.

கேள்வி: என் ஐ10 காரின் ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. டூத்பேஸ்ட் தேய்த்தால் போகும் என்கிறார்கள். உண்மையா?
- வாசகி, தென்காசி

பதில்: போகும், திரும்பியும் வரும். அது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயில் தாங்க மேலே ஒரு பூச்சு இருக்கும், அது கெட்டுப்போனதால்தான் மஞ்சள். பேஸ்ட் மேலாகத் தேய்த்து எடுக்கிறதே தவிர, புதுப் பூச்சு போடாது. தண்ணீர்விட்டு உப்புத்தாள் தேய்த்து பாலிஷ் போடும் கடைக்குப் போங்கள். கடைசியில் யு.வி. கோட்டிங் அடிப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வேறு கடை பாருங்கள். மங்கல் உள்பக்கம் என்றால் எந்த பாலிஷும் உதவாது, விளக்கையே மாற்ற வேண்டியதுதான்.