மாணவர் நலம்: கேள்வி – பதில்

கேள்வி: கிண்டி பக்கம் ஹாஸ்டலில் இருக்கிறேன். ரூம்மேட் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, வகுப்புக்கும் வருவதில்லை. நேற்று ராத்திரி, ‘நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி’ என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். தற்கொலை பற்றி நானாகப் பேச்செடுத்தால் அந்த எண்ணம் வலுத்துவிடுமோ? – மாணவி, சென்னை

பதில்: வலுக்காது. நேராகவே கேளுங்கள்: ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ அதை விட்டு, ‘தப்பா எதுவும் யோசிக்கலையே?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ஆம் என்றால் மேலும் கேளுங்கள். எப்படி என்று யோசித்திருக்கிறாளா? அதற்கானது கைவசம் இருக்கிறதா? எப்போது என்று மனதில் வைத்திருக்கிறாளா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள். பாத்ரூம் போனாலும் தாழ்ப்பாள் வேண்டாம், வெளியே ஒருவர் நிற்கட்டும். ஆபத்தான பொருள் ஏதாவது அறையில் இருந்தால் எடுத்து வார்டனிடம் கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும், இரண்டு வாரமாக இப்படி இருப்பதே கவுன்சலரிடம் அழைத்துப்போகப் போதுமான காரணம்.

‘அம்மா அப்பாவை நினைச்சுப் பாரு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். தான் அவர்களுக்குப் பாரம் என்று ஏற்கெனவே நினைக்கிறவளுக்குக் குற்ற உணர்ச்சிதான் கூடும்.

சத்தியத்தை மீறத்தான் வேண்டும், ஆனால் அவளுக்குத் தெரியாமல் வேண்டாம். ‘இதை நான் மட்டும் வச்சுக்க முடியாது, வார்டன் மேடம்கிட்ட சேர்ந்து போய்ச் சொல்லலாம்’ என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கோபப்படுவாள். பரவாயில்லை. நள்ளிரவில் யாரும் கிடைக்காவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (மத்திய அரசின் மனநல உதவி மையம்) எண்ணுக்கு நீங்களே பேசலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். தமிழக அரசின் 104 உதவி எண்ணும் உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

ஏதாவது விழுங்கிவிட்டால் 108. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போகக்கூடும். டப்பாவையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். ஆள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று காலை வரை காத்திருக்கக் கூடாது. சில விஷங்கள் உள்ளுறுப்பைத் தாக்குவது தாமதமாகத்தான் வெளியே தெரியும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து டாக்டரிடம் ‘ஃபுட் பாய்சன்’ என்று பொய் சொல்கிறவர்கள் அதிகம். இதனால் சரியான சிகிச்சை தவறிப்போகிறது. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லும், வாக்குமூலம் வாங்க வருவார்கள், அவ்வளவுதான். 2017 மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு அவரைத் தண்டனையிலிருந்து காக்கிறது.

கேள்வி: பையன் மூன்றாம் ஆண்டு இன்ஜினியரிங். ஒரு முயற்சிக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து வந்திருக்கிறான். ‘கூட்டிட்டுப் போயிடுங்க, டி.சி. வாங்கிக்குங்க’ என்கிறது கல்லூரி. – ஒரு தந்தை, திருவண்ணாமலை

பதில்: டி.சி.க்கு இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். பொறுப்பைக் கைகழுவக் கல்லூரிகள் சட்டென்று பிடிக்கிற வழி இது. மனநல மருத்துவரின் கடிதத்தோடு முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஒரு நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று சீல் வாங்குங்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவக் காரணத்துக்கு 65 வரை சலுகை கேட்கலாம். அதற்கும் கீழே போகும் என்று தெரிந்தால் ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ (படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் அனுமதி) கேளுங்கள், சீட் போகாது. செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்கு முன்பே மனு போய்ச் சேர வேண்டும். இதைத் தவறவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டில் கவனம் அதிகம் தேவைப்படுவது டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களில். முகம் தெளிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுங்கள். மனச்சோர்வு மாத்திரை முழுதாக வேலை செய்ய சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் ‘பலனில்லை’ என்று நிறுத்துவதும், தேறியதும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதும் தவறு. புது மாத்திரை தொடங்கியதும் பதற்றமோ தூக்கமின்மையோ கூடினால் அடுத்த தேதி வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் கவுன்சலர் இருக்கிறார், ஆனால் மாணவர்கள் போவதே இல்லை. – உதவிப் பேராசிரியர், ஆவடி

பதில்: அறை எங்கே இருக்கிறது? முதல்வர் அறைக்கு எதிரே என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். வாசலில் பதிவேட்டில் பெயர், துறை, ரோல் நம்பர் எழுதச் சொன்னாலும் அப்படியே. பல இடங்களில் ‘கவுன்சலர்’ என்பவர் இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியர்தான். அவரிடம் யார் மனம் திறப்பார்கள்? இன்னொரு சிக்கல் நேரம். நாலு மணிக்குக் கல்லூரி பஸ் கிளம்பினால், வகுப்பைக் கட் அடிக்காமல் டே ஸ்காலர் எப்படி வருவார்? மதிய உணவு நேரத்தைக் கவுன்சலிங்குக்குத் திறந்து வையுங்கள், வாட்ஸ்ஆப்பில் நேரம் கேட்கட்டும். என்னென்ன ரகசியமாக இருக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யாரிடம் சொல்லப்படும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிகாட்டுதலின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும். ஆசிரியர், ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சியும் தர வேண்டும். பயிற்சி என்றதும் ஆசிரியர்களை மட்டும் உட்கார வைக்காதீர்கள். சாப்பாடு மிஞ்சுவது மெஸ் அண்ணனுக்கும், ராத்திரி முழுக்க விளக்கு எரிவது வாட்ச்மேனுக்கும்தான் முதலில் தெரியும். ரிசல்ட் வருகிற வாரத்தில் அரியர் கூடியவர்களை டியூட்டரே கூப்பிட்டுப் பேசுவதும் நல்லது.

கேள்வி: பிஎச்.டி. கைடு இரவில் அநாகரிகமான மெசேஜ் அனுப்புகிறார். புகார் கொடுத்தால் என் ஆய்வு என்னவாகும்? – ஆய்வு மாணவி, சென்னை

பதில்: தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மெசேஜை அழிக்காதீர்கள். யு.ஜி.சி.யின் 2015 விதிகளின்படி உள்ளகப் புகார் குழுவிடம் (பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் குழு) மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இடைக்கால நிவாரணத்தை அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்: அவர் உங்கள் ஆய்வை மதிப்பிடக் கூடாது, வேறு கைடு வேண்டும் என்று. தனியாகக் கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் தரமாட்டார்கள்.

கேள்வி: தம்பியை ஹாஸ்டலில் ராகிங் செய்கிறார்கள். பெயர் சொல்லப் பயப்படுகிறான். – வாசகி, தாம்பரம்

பதில்: 1800-180-5522, யு.ஜி.சி.யின் ராகிங் தடுப்பு எண். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் கல்லூரி, ஹாஸ்டல் பிளாக், நடந்த நாள், நேரம், செய்தவர்களின் ஆண்டு, துறை எல்லாம் வேண்டும். ‘சீனியர்கள் தொல்லை’ என்று மட்டும் சொன்னால் கல்லூரி ‘அப்படி எதுவும் இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். அடி, காயம் என்றால் முதலில் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்துவிட்டுக் காவல் நிலையம் போங்கள். தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங் தண்டனைக்குரிய குற்றம்.