எக்ஸ்பியை மாத்தலாமுங்களா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய விண்டோஸ் பற்றித்தான். கோவையில் இருந்துகொண்டு ஈரோடு, திருப்பூர் என்று சர்வீஸுக்கு ஓடுகிறவன் என்பதால், பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் எம்ப்ராய்டரி யூனிட்டில் டிசைன் போடும் சிஸ்டம் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதானுங்க. சாஃப்ட்வேர் லாக் (அது மாட்டியிருந்தால்தான் டிசைன் சாஃப்ட்வேர் திறக்கும்) பின்னால் பிரிண்டர் போர்ட்டில் மாட்டியிருக்கிறது. பையன் விண்டோஸ் 11 போடலாம் என்கிறான். மாத்தலாமுங்களா? (திருப்பூர்)

வேண்டாமுங்க. பையன் சொல்வதில் தப்பில்லை, ஆனால் அந்த லாக் அவன் பேச்சைக் கேட்காது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். உங்கள் லாக்குக்கு இருப்பது எக்ஸ்பி காலத்து 32 பிட் டிரைவர், அதாவது லாக்கை விண்டோஸோடு பேசவைக்கும் புரோகிராம். அது 64 பிட் விண்டோஸில் ஏறவே ஏறாது. சாஃப்ட்வேர் கொடுத்தவர்கள் புது லாக் தருவதாகச் சொன்னால் அப்போது யோசிக்கலாம்.

எக்ஸ்பிக்கான அப்டேட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதனால் முதல் வேலையாக நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். 2017-இல் வான்னாகிரை என்ற வைரஸ் வந்தபோது, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே கேபிள் வழியாக அடுத்தடுத்த சிஸ்டத்துக்குப் போனது. டிசைனை பென் டிரைவில் கொண்டுவருவீர்கள். அதை வேறொரு நல்ல சிஸ்டத்தில் ஸ்கேன் பண்ணிவிட்டுச் செருகுங்கள்.

அப்புறம், விண்டோஸுக்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்தான் கையை விரிக்கும். இன்றைக்கு ஓடும்போதே டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் குளோன் (முழு நகல்) எடுத்து பீரோவில் வையுங்கள். கேபினட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் ஊர் சிஸ்டங்களில் பிராசசர் ஃபேனுக்கு அடியில் பனியன் பஞ்சு போர்வை மாதிரி படிந்திருக்கும். நான் அதை விரலால் உரித்தே எடுத்திருக்கிறேன். தேதி தினமும் பின்னால் போகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் 2032 பட்டன் செல்லை மாற்றினால் போதும். அதற்குப் போய் ஃபார்மட் அடிக்க வேண்டாம்.

இத்தனை விண்டோஸில் எது உருப்படி? (ஈரோடு)

என்னைக் கேட்டால் விண்டோஸ் செவன்தான். 2009 அக்டோபரில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்னால் வந்து எல்லோரும் திட்டிய விண்டோஸ் விஸ்டாவின் தம்பிதான் அது. உள்ளே இருக்கும் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள்: விஸ்டா 6.0, செவன் 6.1. விஸ்டா வந்த 2007-இல் 512 எம்பி ரேம் சிஸ்டத்தில் அதை ஏற்றித் தவித்தவர்கள் ஏராளம். பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் டிரைவர் வேறு கிடைக்கவில்லை. செவன் வருவதற்குள் ரேமும் ஏறியிருந்தது, டிரைவரும் வந்திருந்தது. அண்ணன் வாங்கிய அடியில் தம்பி தப்பித்துக்கொண்டான்.

2012-இல் வந்த விண்டோஸ் எட்டு இன்னொரு கூத்து. ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். மஞ்சள் மண்டி ஒன்றில் சிஸ்டம் அடிக்கடி மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டார்கள். சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தேன். கடை கட்டும் நேரத்தில் மண்டிக்கார அண்ணன் நேராக வந்து யூபிஎஸ் சுவிட்சை அணைத்தார். "ஷட்டவுன் எங்கீன்னே தெரியலீங்க, நாலு மாசமா இப்படித்தான்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோய், செட்டிங்ஸ் தொட்டு, பவர் தொட்டு அணைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அடுத்த வருடமே 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது.

செவன் நல்லது என்றேன் என்பதற்காக இப்போது போய்ப் போட்டுவிடாதீர்கள். அதற்கும் 2020 ஜனவரியில் அப்டேட் முடிந்துவிட்டது.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, புது சிஸ்டம் வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். நிஜமா? (கோபி)

பாதி நிஜம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு இலவச அப்டேட் நின்றது. தனியாகப் பதிவு செய்தால் வீட்டு சிஸ்டங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. உங்களுடையது இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் பயாஸில் (சிஸ்டம் ஆன் ஆகும்போதே திறக்கும் செட்டிங்கில்) டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அணைந்து கிடக்கிறதா பாருங்கள். அதை ஆன் செய்தாலே 11 ஏறிவிடலாம். நாலாம் தலைமுறை ஐ5 என்றால் முறைப்படி ஏறாது. பில் போடவும் பாட்டுக் கேட்கவும்தான் என்றால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டி, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டு ஓட்டலாம்.

குலதெய்வக் கோயில் வரிப் பட்டியலை 2003-இல் டைப் செய்தது. புது சிஸ்டத்தில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாக நிற்கிறது. (காங்கேயம்)

விண்டோஸ் மேல் பழியில்லை. அது அநேகமாக பாமினி ஃபான்ட், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் பழைய ஃபான்ட். பழைய சிஸ்டத்திலிருந்து அந்த ஃபான்ட்டை எடுத்துப் போட்டால் தமிழ் தெரியும். அப்புறம் கன்வெர்ட்டரில் கொடுத்து எல்லா சிஸ்டத்திலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதும் பெயர்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள்: பழைய ஃபான்ட்டில் ஔகாரத்துக்கு 'ள' எழுத்தையே போட்டிருப்பதால் கௌசல்யா 'கெளசல்யா' ஆகியிருப்பார். தேடினால் கிடைக்கமாட்டார், வரி பாக்கி என்று காட்டும்.