வாசகர் கேள்வி - பதில்: வதைமுகாமுக்குப் போகும் மாணவர்கள்

கேள்வி: இஸ்ரேலில் பள்ளி மாணவர்களைப் போலந்தில் உள்ள நாஜி வதைமுகாம்களுக்குக் கூட்டிப்போகிறார்களாமே, அதை வைத்து நாவல் ஏதாவது வந்திருக்கிறதா?

பதில்: வந்திருக்கிறது. இஸ்ரேலிய எழுத்தாளர் யிஷாய் சரீத் 2017-இல் ஹீப்ருவில் எழுதிய நாவல், 'நினைவு என்னும் அரக்கன்' என்று அதன் தலைப்பைச் சொல்லலாம், ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. முழு நாவலுமே, நாஜிகள் கொன்ற யூதர்களுக்காக ஜெருசலேமில் இருக்கும் யாத் வாஷெம் நினைவகத்தின் தலைவருக்கு ஒரு வரலாற்று ஆய்வாளர் எழுதும் கடிதம்தான். பிழைப்புக்காக மாணவர் குழுக்களுக்கு வழிகாட்டியாகப் போகிறவர் அவர். ஆஷ்விட்ஸ், மைதானெக், ட்ரெப்லிங்கா என்று திரும்பத் திரும்ப அதே இடங்கள், அதே விளக்கங்கள், கொன்ற முறையை நுணுக்கமாகச் சொல்லிச் சொல்லியே மனிதர் உள்ளுக்குள் உடைந்துபோகிறார். பிள்ளைகளோ இஸ்ரேல் கொடியைப் போர்த்திக்கொண்டு நடக்கிறார்கள், போலந்துக்காரர்கள்மீது கோபப்படுகிறார்கள், கொன்ற ஜெர்மானியர்மீது அந்தக் கோபம் ஏனோ வருவதில்லை. ஒரு பையன், நாம் பிழைக்க வேண்டுமென்றால் நாமும் கொஞ்சம் நாஜியாக இருக்கத்தான் வேண்டும் என்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சரீத்தின் அப்பா யோஸ்ஸி சரீத் இஸ்ரேலின் கல்வி அமைச்சராக இருந்தவர், இந்தப் பயணங்களை நடத்துவதும் அதே அமைச்சகம்தான். தூரத்தில் நின்று கல் எறிந்த புத்தகம் இல்லை இது.

கேள்வி: இப்படியெல்லாம் விமர்சித்து எழுதுவது, செத்துப்போனவர்களை அவமதிப்பது ஆகாதா?

பதில்: ஆகாது. அந்த முகாம்களில் இருந்து உயிர் தப்பியவர்களே இதைவிடக் கடுமையாக எழுதியிருக்கிறார்கள். வியன்னாவில் பிறந்து சிறுமியாகவே ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்ட ரூத் க்ளூகர் 1992-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட தன்வரலாற்றில், நினைவிடத்துக்கு வருகிறவர் அங்கே பார்ப்பது பெரும்பாலும் தன் சொந்த உணர்ச்சியைத்தான் என்கிறார். சுத்தம் செய்து காட்சிக்கு வைத்த இடத்தில் அன்றைய பயமும் நெரிசலும் நாற்றமும் எப்படி இருக்கும்? அந்தக் காலமே அங்கே இல்லையே! அப்புறம் யெஹுதா எல்கானா, அவரும் பத்து வயதில் ஆஷ்விட்ஸில் இருந்தவர். 1988-இல் இஸ்ரேலின் ஹாரெட்ஸ் நாளிதழில், மறக்கவும் வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப யாத் வாஷெமுக்குக் கூட்டிப்போகிறோமே, அங்கே பார்த்ததை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், வெறுக்கவா, என்பதுதான் அவர் கேட்டது. கல்வி அமைச்சகம் போலந்துப் பயணங்களைத் தொடங்கியதும் அதே 1988-இல்தான். அவர் கேட்டதற்கு எந்தப் பயணத் திட்டத்திலும் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்காகப் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ட்ரெப்லிங்காவில் நாஜிகள் 1943-இல் எல்லாவற்றையும் இடித்துத் தடயத்தை அழித்துவிட்டார்கள், இன்று அங்கே இருப்பது பின்னால் நட்ட சுமார் 17,000 கற்கள்தான். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற இடம், எதையுமே மிச்சம் வைக்காமல் துடைத்த இடம். அதை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை நேரில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்த்ததும் இன்னதைத்தான் உணர வேண்டும் என்று பக்கத்தில் நின்று யாரும் சொல்லித்தரக் கூடாது.

கேள்வி: பள்ளியில் படிக்கும் மகளுக்கு எதை முதலில் கொடுக்கலாம்?

பதில்: சரீத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். இஸ்ரேலிய எழுத்தாளர் எட்கர் கெரெட்டின் 'ஷூ' கதையைக் கொடுங்கள், சில பக்கம்தான். யூதப் படுகொலை நினைவு நாளில் அருங்காட்சியகம் போகும் ஒரு சிறுவனிடம், ஜெர்மன் பொருள் எதைப் பார்த்தாலும் அதற்குள் இறந்த யூதர்களின் எலும்பும் தோலும் இருப்பதாக நினைத்துக்கொள் என்று ஒரு முதியவர் சொல்கிறார். அப்புறம் அவன் வீட்டுக்கு அடிடாஸ் ஷூ வருகிறது. அதற்குள் நாஜிகள் கொன்ற தன் தாத்தாதான் இருக்கிறார் என்று நம்பி, அவருக்கு வலிக்கக் கூடாதே என்று முதலில் பந்தைப் பார்த்துப் பார்த்து உதைக்கிறான். நீங்களும் மகளோடு சேர்ந்து படியுங்கள், கடைசிப் பக்கத்தில் அவள் சிரித்தால் தடுக்காதீர்கள்.