அச்சகம் வைத்த படைவீரர்

கேள்வி: சிங்கப்பூரின் எம்.பி.எச். புத்தகக் கடையைத் தொடங்கியது ஒரு திருச்சபை என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, தோ பாயோ

பதில்: உண்மைதான் அம்மா. இக்கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. என் தந்தை அச்சுக்கோப்பாளர், ஈய எழுத்துகளின் நடுவில் வளர்ந்தவன் நான்.

அந்தக் கடை ஓர் அச்சகத்திலிருந்து வளர்ந்தது. மெதடிஸ்ட் திருச்சபைக்காக 1890இல் அந்த அச்சகத்தைத் தொடங்கியவர் வில்லியம் ஷெல்லபேர். பிரிட்டிஷ் இராணுவத்தின் பொறியாளர் படையில் அதிகாரியாகச் சிங்கப்பூர் வந்தவர். தம் கீழிருந்த மலாய் வீரர்களுடன் பேசவே மலாய் கற்றார். பிறகு பதவியைத் துறந்து, அச்சுத்தொழிலைக் கற்றுக்கொண்டு சமயப் பணியாளராகத் திரும்பினார். ஓர் அதிகாரி கையில் மை பூசிக்கொள்ளத் துணிந்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

சமயத் துண்டுப் பிரசுரங்களோடு அவர் நிற்கவில்லை. மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வை ஜாவி எழுத்தில், அதாவது மலாய் எழுதப் பயன்படும் அரபு வரிவடிவத்தில் பதிப்பித்தார். மலாய் இலக்கியத்திற்கு அது பெரிய தொண்டு என்பேன். பைபிளையும் மலாயில் மொழிபெயர்த்தார்.

அமெரிக்கன் மிஷன் பிரஸ் என்றிருந்த பெயர் பின்னர் மெதடிஸ்ட் பப்ளிஷிங் ஹவுஸ் ஆயிற்று. ஸ்டாம்ஃபோர்டு சாலையும் ஆர்மீனியன் தெருவும் சந்திக்கும் முனையில் 1908இல் எழுந்த செங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. அவசியம் போய்ப் பாருங்கள். 1927இல் மலாயா பப்ளிஷிங் ஹவுஸ் என்று பெயர் மாறியது. முதலெழுத்துகள் மாறாததால், பழைய வாடிக்கையாளர்களுக்கு அது எப்போதும் எம்.பி.எச்.தான்.