ராட்போர்னின் 1884: வெற்றிகள் 59ஆ, 60ஆ?

வணக்கம். பேஸ்பால் பந்தெறிபவர் சார்லஸ் ராட்போர்ன் 1884ஆம் ஆண்டில் பெற்ற வெற்றிகளை (அணி வெல்லும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு பந்தெறிபவரின் கணக்கில் எழுதப்படும்) ஒரு நூல் 59 என்றும் மற்றொன்று 60 என்றும் சொல்வதால், கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே அச்சுப்பிழை அல்ல. ஜூலை 28 அன்று பிலடெல்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில், பிராவிடன்ஸ் கிரேஸ் அணிக்காக முதல் ஐந்து இன்னிங்ஸ்களைச் சைக்ளோன் மில்லர் வீச, எஞ்சிய நான்கையும் ஓட்டம் கொடுக்காமல் வீசிய ராட்போர்னின் பெயரிலேயே அன்றைய ஸ்கோரர் வெற்றியை எழுதினார். இன்றைய விதிப்படி அது மில்லருக்குச் சேரும். ஆகவே 59 என்று எழுதி, 60 வந்த காரணத்தை அடிக்குறிப்பில் தாருங்கள். என்னைக் கேட்டால், சக வீச்சாளர் ஸ்வீனி அணியை விட்டுப் போனபின் ஏறத்தாழத் தனியாளாகச் சுமந்து, அந்த ஆண்டில் 678 இன்னிங்ஸ்களுக்குமேல் வீசிய அந்தக் கைதான் இந்த ஒரு வெற்றியைவிடப் பெரிய செய்தி, அதையும் விட்டுவிடாதீர்கள்.